லத்தி உருண்டையிலிருந்து மரபணுத்தொகுதி வரை: காட்டுயிர் இனத்தொகைகளை ஆராயப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

ஆனைமலை அடிவாரத்தில் காலை ஆறரை மணிக்கு வண்டிப்பாதையோரம் கிடக்கும் யானை லத்தியின் மேற்பரப்பு, வெயில் ஏறும்வரை எண்ணெய் பூசியதுபோல மினுங்கிக்கொண்டிருக்கும். அந்த மினுக்கம் யானையின் குடலிலிருந்து உருண்டையோடு ஒட்டி வந்த சளிப்படலம். அதில் குடற்சுவரிலிருந்து உதிர்ந்த செல்கள் இருக்கின்றன; அந்தச் செல்களில் யானையின் டி.என்.ஏ. இருக்கிறது. மயக்க ஊசி போடாமல், துரத்தாமல், பல நேரம் அந்த யானையைக் கண்ணால்கூடப் பார்க்காமல், அது ஆணா பெண்ணா, எந்த யானைக்கு உறவு, எந்த மலைத்தொடரின் யானைகளோடு சேர்ந்தது என்பதையெல்லாம் அந்தப் படலத்திலிருந்து அறிய முடியும்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருவோர் பெரும்பாலும் டி.என்.ஏ.வின் எழுத்துகளைப் படிக்கும் வரிசையாக்கக் கருவியைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். கருவியின் முறை கடைசியில்தான் வரும். கேள்வி தெளிவில்லாமலும் மாதிரி ஒழுங்கில்லாமலும் தொடங்கிய ஆய்வை எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் திருத்த முடியாது. எனவே இந்தக் கட்டுரையில் காட்டுக்கும் கேள்விக்கும் அதிக இடம் தருகிறேன். தென்னிந்திய யானைகளையே நெடுகிலும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். புலி, மான், தவளை, மரம் என எதை ஆராய்வோருக்கும் முறை பெரும்பாலும் இதுதான்.

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

‘யானைகளின் மரபணு வேறுபாட்டை ஆராய்தல்’ என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. அது தலைப்பு மட்டுமே. ‘பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கிலும் தெற்கிலும் வாழும் யானைகள் ஒரே இனத்தொகையா, இரண்டா?’ என்பது கேள்வி. (இனத்தொகை என்பது தமக்குள் இனச்சேர்க்கை செய்து வாழும் ஓரின விலங்குகளின் கூட்டு.) ‘இந்தச் சரகத்தில் எத்தனை யானைகள் இருக்கின்றன?’ என்பது வேறொரு கேள்வி. ‘இந்தச் சிறு கூட்டத்தில் உறவுக்குள் இனச்சேர்க்கை நடந்து கேடு விளைந்திருக்கிறதா?’ என்பது மூன்றாவது. மூன்றுக்கும் தேவைப்படும் மாதிரிகளின் எண்ணிக்கையும் தரமும் வெவ்வேறு. படிக்க வேண்டிய டி.என்.ஏ. பகுதிகளும் வெவ்வேறு. கேள்வியை எழுதி முடித்தபின், என்ன விடை வந்தால் ‘ஆம்’ என்போம், என்ன வந்தால் ‘இல்லை’ என்போம் என்பதையும் அதற்குக் கீழே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கணவாய்க் கேள்விக்கு விடை தேடப்பட்ட கதை புதியவருக்கு நல்ல பாடம். டி.என்.சி. வித்யா, ராமன் சுகுமார் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், நீலகிரி-கிழக்குத் தொடர்ச்சி மலை, ஆனைமலை, பெரியாறு ஆகிய மூன்று பகுதிகளின் யானைகளை ஒப்பிட்டார்கள். நீலகிரியைச் சுற்றி ஏறத்தாழ 15,000 சதுர கி.மீ. பரப்பிலுள்ள யானைகளுக்கிடையே வேறுபாடு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆனால் 40 கி.மீ. அகலமே உள்ள கணவாயைத் தாண்டினால், ஆனைமலை, பெரியாறு யானைகள் தெளிவாக வேறுபட்டிருந்தன. அவ்விரண்டுக்கும் இடையே வேறுபாடு இல்லை. உலகிலேயே ஆசிய யானைகள் மிகுதியாக வாழும் ஒற்றை இனத்தொகையான நீலகிரிப் பகுதியில், தாய்வழி வரும் மைட்டோகாண்டிரிய டி.என்.ஏ.வில் ஒரே ஒரு வகைதான் கிடைத்தது. தலை எண்ணிக்கை பெரிதாக இருப்பதும் மரபணு வளம் பெரிதாக இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் அருகில் இல்லை.

2024-இல் முழு மரபணுத்தொகுதிகளை, அதாவது ஒவ்வொரு விலங்கின் டி.என்.ஏ. முழுவதையும், கொண்டு செய்யப்பட்ட ஆய்வொன்று, இந்திய யானைகளை ஐந்து இனத்தொகைகளாகப் பிரித்தது. அவற்றில் மூன்று தென்னிந்தியாவில் இருப்பவை: பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒன்று, அதற்குத் தெற்கே ஒன்று, செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே ஒன்று. வடக்கிலிருந்து தெற்கே வர வர மரபணுப் பன்மை குறைந்துகொண்டே வருவதும், கடைசித் தென்கோடி இனத்தொகையே எல்லாவற்றிலும் வறியது என்பதும் அதில் தெரியவந்தன. 2005-இல் அந்த மூன்றாவது இனத்தொகை ஏன் தென்படவில்லை? அன்று மாதிரி எடுக்கப்பட்ட மூன்று பகுதிகளும் செங்கோட்டைக் கணவாய்க்கு வடக்கே உள்ளவை. மாதிரி எடுக்காத இடத்தைப் பற்றித் தரவு பேசாது. வரைபடத்தை விரித்து, உங்கள் கேள்வியில் வரும் ஒவ்வொரு தடைக்கும் இரு பக்கமும் புள்ளி வைத்திருக்கிறீர்களா என்று காட்டுக்குப் போகுமுன் பாருங்கள்.

அனுமதி

இந்தியாவில் காப்பகத்துக்குள் கிடக்கும் லத்தியை எடுப்பதற்கும் அனுமதி வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். உயிரியல் பன்மைச் சட்டம், 2002-இன்படி, மாதிரியோ ஆய்வு முடிவோ வெளிநாட்டுக்குப் போகும் நிலை இருந்தால், சென்னையில் தலைமையகம் கொண்ட தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதலைப் பெற வேண்டியிருக்கும். இலங்கையில் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தை அணுக வேண்டும். ஆசிய யானை, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமான சைட்டஸின் முதல் பட்டியலில் இருப்பதால், அதன் மாதிரியை எல்லை தாண்டி அனுப்புவது தனியொரு வேலை. இவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். அந்தக் காலத்தை வீணென்று எண்ணாமல், ஏற்கெனவே வெளியான தரவுகளை இறக்கிப் பகுப்பாய்வு பழகுவதற்குச் செலவிடுங்கள். மாதிரி கைக்கு வரும்போது உங்கள் கணினிக் கைப்பழக்கம் ஆயத்தமாக இருக்கும்.

காட்டில் மாதிரி எடுத்தல்

தனியாகப் போகாதீர்கள், வேட்டைத் தடுப்புக் காவலரோடு போங்கள். ஆனைமலையில் காடர், மலைமலசர், நீலகிரியில் இருளர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் பலர் இந்தப் பணியில் இருக்கிறார்கள். லத்தி இன்று விடியலில் விழுந்ததா, நேற்று மாலையில் விழுந்ததா, தனிக் கொம்பனுடையதா, குட்டியோடு வந்த கூட்டத்தினுடையதா என்பதைப் பாதையைப் பார்த்தவுடனே அவர்கள் சொல்லிவிடுவார்கள். அந்தத் தகவலைக் குறிப்பேட்டில் தனிக் கட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் ஆய்வகத்தில் ஏன் சில மாதிரிகள் தேறின, சில தேறவில்லை என்பதற்கு அதுவே விளக்கமாகும்.

உருண்டையின் நடுப்பகுதியில் பெரும்பாலும் புல்லும் பட்டையும் நாரும்தான் இருக்கும். நமக்கு வேண்டியது மேல்தோல். தரையைத் தொடாத, வெயில் நேராகப் படாத பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, புதிய மரக்குச்சியால், நகத்தளவு ஆழம்கூடப் போகாமல் மினுங்கும் படலத்தை மட்டும் சுரண்டி எடுங்கள். ஒரு குவியலுக்கு ஒரு கையுறை, ஒரு குச்சி. ஒரே குச்சியால் இரண்டு குவியலைத் தொட்டால், இல்லாத மூன்றாவது யானை ஒன்று உங்கள் தரவில் பிறந்துவிடும். மழையில் நனைந்த லத்தியையும், சாண வண்டுகள் உடைத்துப் பரப்பிவிட்ட லத்தியையும் விட்டுவிடுங்கள். எண்ணிக்கை ஆசையில் எடுத்துவரும் கெட்ட மாதிரிக்கு ஆய்வகத்தில் நல்ல மாதிரியைப்போல மூன்று மடங்கு செலவாகும்.

எடுத்ததை உடனே பாதுகாக்க வேண்டும். 95 விழுக்காட்டுக்குக் குறையாத எத்தனாலில் மூழ்கவைப்பதே எளிய வழி. மாதிரியைப்போல நான்கைந்து மடங்கு எத்தனால் இருக்க வேண்டும், இல்லையென்றால் லத்தியிலுள்ள ஈரம் அதை நீர்த்துவிடும். எத்தனால் கொண்டுபோக முடியாத இடத்தில் சிலிக்கா மணிகள் உதவும். அவை நிறம் மாறியவுடன் மாற்ற வேண்டும்.

குழாயின் மேல் எழுதுவதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். என் முதல் களப்பயணத்தில் மார்க்கர் பேனாவால் குழாய்களின் மேல் எண் எழுதி, ஒரே பெட்டியில் அடுக்கி வந்தேன். ஒரு குழாயின் மூடி சற்றுத் தளர்ந்து எத்தனால் கசிந்திருக்கிறது. பெட்டியைத் திறந்தபோது பாதிக் குழாய்களின் மேல் நீல நிறத் தீற்றல் மட்டுமே மிஞ்சியிருந்தது. மூன்று நாள் நடந்து சேர்த்த மாதிரிகள் எந்த ஓடையோரம் எடுத்தவை என்று தெரியாமல் போயின. அன்றிலிருந்து பென்சிலால் எழுதிய சிறு தாளைக் குழாய்க்குள்ளும் போடுகிறேன், வெளியே ஒட்டுச்சீட்டும் ஒட்டுகிறேன், அதே எண்ணைக் குறிப்பேட்டிலும் எழுதிப் படமும் எடுத்துக்கொள்கிறேன். பென்சில் எழுத்தை எத்தனால் அழிக்காது.

ஒவ்வொரு மாதிரிக்கும் எண், தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, லத்தியின் பழமை, உருண்டையின் சுற்றளவு, எடுத்தவர் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். சுற்றளவு எதற்கென்றால், குட்டியா வளர்ந்ததா என்பதை அது ஓரளவு காட்டும்.

எத்தனை மாதிரி வேண்டும்? கணவாய்க் கேள்வியைப்போல இடங்களை ஒப்பிடும் ஆய்வில், சில குறிப்பான்களை (விலங்குகளை ஒப்பிடத் தேர்ந்தெடுக்கும் டி.என்.ஏ. இடங்களை) மட்டும் படிப்பதானால் ஓர் இடத்துக்கு இருபது முப்பது விலங்குகளாவது வேண்டும். ஆயிரக்கணக்கான குறிப்பான்களைப் படிப்பதானால் பத்துக்கும் குறைவான விலங்குகள்கூடப் போதலாம். இங்கே ‘விலங்குகள்’ என்பதைக் கவனியுங்கள். ஒரு யானை ஒரே நாளில் பத்துப் பதினைந்து முறை லத்தியிடும். ஒரே பாதையில் எடுத்த ஆறு குழாய்கள் ஒரே யானையுடையவையாக இருக்கலாம். அதைவிட மறைவான சிக்கல் உறவு. பெண் யானைகள் தாய், மகள், பேத்தி என்று கூட்டமாகவே வாழ்வதால், ஒரு கூட்டத்தின் பின்னால் நடந்து முப்பது மாதிரி எடுத்தால், நீங்கள் ஆராய்ந்தது ஒரு குடும்பத்தைத்தான், இனத்தொகையை அல்ல. சரகத்தின் வெவ்வேறு மூலைகளில், வெவ்வேறு நாட்களில், சிறிது சிறிதாக எடுங்கள்.

எந்தக் குறிப்பானைப் படிப்பது

மைட்டோகாண்டிரிய டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே வருவது. ஒரு செல்லில் அதன் படிகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால், பழைய லத்தியிலும் அருங்காட்சியகத் தோலிலும்கூடக் கிடைக்கும். ஆனால் அது சொல்வது பெண்களின் கதையை மட்டும். யானைகளில் பெண்கள் பிறந்த கூட்டத்தோடு தங்க, ஆண்கள் பருவம் வந்ததும் பிரிந்து வெகுதூரம் போகின்றன. ஆகவே தாய்வழி டி.என்.ஏ. இரண்டு காடுகளைத் தனித்தனி என்று காட்டும்போது, தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு டி.என்.ஏ. அவற்றை ஒன்றென்று காட்டக்கூடும். இரண்டில் ஒன்று தவறு என்று பொருளில்லை. கொம்பன்கள் போய்வருகின்றன, பெண்கள் போவதில்லை என்பதே பொருள். ஒரு குறிப்பானை மட்டும் படித்து வழித்தடத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதக்கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

மைக்ரோசாட்டிலைட்டுகள் என்பவை, இரண்டு முதல் ஆறு எழுத்துகள் வரையுள்ள சிறு துணுக்கு திரும்பத் திரும்ப வரும் இடங்கள். எத்தனை முறை திரும்ப வருகிறது என்பது விலங்குக்கு விலங்கு மாறும். பத்துப் பன்னிரண்டு இடங்களைப் படித்தாலே ஒவ்வொரு யானைக்கும் கைரேகை போன்ற அடையாளம் கிடைத்துவிடும். எண்ணிக்கை மதிப்பீட்டுக்கு இன்றும் இது போதுமானது. இதன் குறை, ஓர் ஆய்வகத்தில் 182 எழுத்து நீளம் என்று படிக்கப்படும் துண்டு இன்னோர் ஆய்வகத்தில் 184 என்று படிக்கப்படலாம். இரண்டு இடத்துத் தரவுகளைச் சேர்ப்பது கடினம்.

எஸ்.என்.பி. என்பது ஓரெழுத்து வேறுபாடு. இங்கே ‘ஏ’ அல்லது ‘ஜி’ என்ற இரண்டே விடை இருப்பதால் ஆய்வகங்களுக்கிடையே குழப்பம் வராது. துண்டு துண்டாக உடைந்த டி.என்.ஏ.விலும் படிக்கலாம். முன்பே தேர்ந்தெடுத்த நூறு எஸ்.என்.பி.களை மட்டும் லத்தியிலிருந்து படிக்கும் முறை கள ஆய்வுக்கு இன்று மிகப் பொருத்தமானது என்பது என் கருத்து. எந்த நூறைத் தேர்வது என்று அறிய, முன்னதாகச் சில விலங்குகளின் முழு மரபணுத்தொகுதி வேண்டும். அதற்கு லத்தி பொதுவாக ஏற்றதல்ல, அதிலுள்ள டி.என்.ஏ.வில் பெரும்பங்கு பாக்டீரியாவுக்கும் தின்ற புல்லுக்கும் உரியது. யானையின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்டது. கொடுத்த பணத்தில் பெரும்பகுதி புல்லைப் படிப்பதில் போய்விடும். முழுத் தொகுதிக்கு, பிறந்த காடு தெரிந்த யானையின் ரத்தமோ, இறந்த விலங்கின் திசுவோ வேண்டும்.

ஓடைநீரிலிருந்தும் மண்ணிலிருந்தும் எடுக்கும் சூழல் டி.என்.ஏ. ஓர் இனம் அங்கே இருக்கிறதா என்பதற்கு நல்ல சான்று. இனத்தொகைக் கேள்விகளுக்குப் புதியவர் அதை நம்பித் தொடங்க வேண்டாம்.

ஆய்வகத்தில் ஏற்படும் பொய் விடைகள்

லத்தியிலிருந்து வரும் டி.என்.ஏ. மிகக் குறைவு. ஓர் இடத்தில் தாயிடமிருந்து 182, தந்தையிடமிருந்து 190 என்று இரண்டு வடிவங்கள் இருக்கும் யானையில், டி.என்.ஏ.வைப் படியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். வினையின் தொடக்கத்தில் ஒன்றின் படி மட்டும் சிக்கிக்கொண்டால், விடை ‘182, 182’ என்று வரும். இதை வடிவ இழப்பு என்கிறோம். ஓர் இடத்துக்கு இந்தத் தவறு பத்தில் ஒருமுறை நேர்வதாக வைத்துக்கொள்வோம். இரண்டு வடிவங்கள் உள்ள இடங்கள் பத்து இருந்தால், பத்தும் சரியாக வருவதற்கான வாய்ப்பு 0.9-ஐப் பத்து முறை பெருக்கியது, அதாவது 35 விழுக்காடு. ஒருமுறை மட்டும் செய்து விட்டுவிட்டால், மூன்றில் இரண்டு யானைகளின் அடையாளம் எங்கோ ஓரிடத்தில் தவறாக இருக்கும்! ஒரே யானையின் இரண்டு லத்திகள் இரண்டு யானைகளாகப் பதிவாகும். நூறு யானைகள் உள்ள காட்டில் நூற்றைம்பது இருப்பதாக அறிக்கை போகும். பொய்யான அந்த ஐம்பது யானைகளை நம்பி ஒரு காட்டை விட்டுக்கொடுக்கும் முடிவு எடுக்கப்படலாம் என்பதால், இதைச் சிறு நுட்பப் பிழையாக நான் கருதுவதில்லை.

இதற்கு மருந்து, திரும்பச் செய்வதுதான். ஒரே வடிவம் வந்தால், தனித்தனியாக மூன்று முறை செய்து மூன்றிலும் அதுவே வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். அப்போது ஓர் இடத்தில் தவறு நிலைப்பதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றாகவும், பத்து இடங்களுக்குச் சேர்த்து ஏறத்தாழ நூற்றில் ஒன்றாகவும் இறங்கிவிடும். டி.என்.ஏ. பிரிக்கும் ஒவ்வொரு தொகுப்பிலும், லத்தியே இல்லாத வெற்றுக் குழாய் ஒன்றையும் சேர்த்து எல்லாப் படிகளுக்கும் உட்படுத்துங்கள். வெற்றுக் குழாயில் யானை தோன்றினால், அன்றைய தொகுப்பு முழுவதையும் கைவிட வேண்டும். மனம் வராதுதான், ஆனாலும் கைவிட வேண்டும். லத்தியிலுள்ள தாவரப் பொருள்கள் பி.சி.ஆர். வினையைத் தடுக்கும் என்பதால், எதுவுமே வராத மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்து ஒருமுறை முயன்று பாருங்கள். சில நேரம் அப்போது வந்துவிடும்.

வடக்கு மாதிரிகளை ஒரு வாரமும் தெற்கு மாதிரிகளை அடுத்த வாரமும் செய்யாதீர்கள். இரண்டையும் ஒவ்வொரு தட்டிலும் கலந்து வையுங்கள். வரிசையாக்கத்துக்கும் இதே விதி. புதிய வகைக் கருவிகள் சிலவற்றில் ஒளி வராத இடமெல்லாம் ‘ஜி’ என்று படிக்கப்படுவதால், சிதைந்த துண்டுகளின் முடிவில் ‘ஜி’ எழுத்து வரிசையாக வந்து நிற்கும். வடக்கை ஒரு கருவியிலும் தெற்கை இன்னொன்றிலும் படித்தால், கணவாயால் வந்த வேறுபாடு எது, கருவியால் வந்த வேறுபாடு எது என்று பிரிக்கவே முடியாது.

தரவு கைக்கு வந்தபின்

முதல் நாளே மூலக் கோப்புகளை இரண்டு இடங்களில் படியெடுத்து, எழுத முடியாதபடி பூட்டி வையுங்கள். பிறகு ஃபாஸ்ட்க்யூசி என்ற நிரலைக் கொண்டு தரத்தைப் பாருங்கள், மோசமான முனைகளை வெட்டுங்கள், பி.டபிள்யூ.ஏ. போன்ற நிரலால் ஒப்பீட்டுக்கென்று ஏற்கெனவே வெளியான யானை மரபணுத்தொகுதியோடு பொருத்துங்கள், வேறுபாடுகளைப் பட்டியலாக்குங்கள். ஒவ்வொரு கட்டளையையும் ஒரு கோப்பில் எழுதியே இயக்குங்கள். ஆறு மாதம் கழித்து அதே எண்கள் மீண்டும் வர வேண்டும்.

அடுத்தது வடிகட்டல். பாதிக்கு மேல் விடையில்லாத டி.என்.ஏ. இடங்களையும் விலங்குகளையும் நீக்குங்கள். ஆழம் (ஓர் இடம் எத்தனை முறை படிக்கப்பட்டது என்பது) மிகக் குறைந்த இடங்களையும், சந்தேகப்படும்படி மிக அதிகமாக உள்ள இடங்களையும் நீக்குங்கள். பின்னவை பெரும்பாலும் தொகுதியில் பல இடங்களில் ஒரே மாதிரி இருப்பவை. அரிய வடிவங்களை நீக்கும் வடிகட்டி ஒன்று எல்லாக் கையேடுகளிலும் இருக்கும். இனத்தொகைப் பிரிவைப் பார்க்க அது சரி. ஆனால் இனத்தொகை முன்பு பெருகியதா சுருங்கியதா என்ற கேள்விக்கு அந்த அரிய வடிவங்களே சாட்சிகள். சாட்சியைத் துரத்திவிட்டு விசாரணை நடத்தக்கூடாது. வடிகட்டியை மூன்று வெவ்வேறு அளவுகளில் வைத்துப் பாருங்கள். முடிவு மாறினால் அந்த முடிவு இன்னும் உறுதியாகவில்லை.

பிறகு உறவினரைத் தேடுங்கள். தாயும் மகளும் இரண்டுமே இருந்தால், பிரிவு பார்க்கும் ஆய்வில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அருகருகே இருந்து சேர்ந்தே வரும் எஸ்.என்.பி.களிலும் ஒன்றை மட்டும் வையுங்கள்.

பகுப்பாய்வு, எளிதிலிருந்து தொடங்கி

ஒத்த விலங்குகளைப் படத்தில் அருகருகே புள்ளிகளாக வைக்கும், எந்த முன்முடிவையும் திணிக்காத முதன்மைக் கூறு ஆய்வை முதலில் செய்து, புள்ளிகளை இடத்துக்கு ஒரு நிறமாக வரைந்து பாருங்கள். பின் அதே படத்தை ஆய்வகத் தொகுப்புக்கு ஒரு நிறமாக வரையுங்கள். இரண்டாவது படம் முதலாவதைவிட அழகாகப் பிரிந்தால், ஆய்வகத்துக்குத் திரும்புங்கள்.

ஹார்டியும் வைன்பெர்க்கும் 1908-இல் தனித்தனியே கண்ட சமநிலை விதியின்படி எதிர்பார்ப்பதைவிட, இரண்டு வடிவங்களைக் கொண்ட விலங்குகள் குறைவாக இருந்தால் மூன்று காரணங்களை நினைத்துப் பாருங்கள். டி.என்.ஏ.வின் ஓரிரு இடங்களில் மட்டும் குறைவு என்றால், ஆய்வக வடிவ இழப்பு. எல்லா இடங்களிலும் குறைவு என்றால், உறவுக்குள் இனச்சேர்க்கை அல்லது நீங்கள் அறியாமலே இரண்டு இனத்தொகைகளை ஒன்றாகக் கொட்டியிருக்கிறீர்கள்.

ஸ்ட்ரக்சர், அட்மிக்ஸர் ஆகிய நிரல்கள் ஒவ்வொரு விலங்கும் எந்தக் குழுவுக்கு எவ்வளவு உரியது என்பதை நிறப்பட்டைகளாகக் காட்டும். அந்தப் படங்கள் கண்ணைக் கவர்பவை, அதனாலேயே ஆபத்தானவை. எத்தனை குழுக்கள் என்பதைத் தேர்வு செய்யப் பரவலாகப் பயன்படும் முறை ஒன்று ‘இரண்டு’ என்ற விடையின் பக்கமே சாயும் என்று பல ஆய்வாளர்கள் எச்சரித்திருக்கிறார்கள். மேலும், தூரம் கூடக்கூட மெல்ல மெல்ல மாறிவரும் இனத்தொகையில், இரு முனைகளில் மட்டும் மாதிரி எடுத்தால், இந்த நிரல்கள் அதை இரண்டாக வெட்டிக் காட்டும். தூரத்துக்கும் மரபணு வேறுபாட்டுக்கும் உள்ள தொடர்பை வரைந்து பார்க்காமல் பிரிவு என்று எழுதாதீர்கள். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என எல்லா எண்களுக்கும் படத்தைக் காட்டுங்கள்.

எஃப்.எஸ்.டி. என்ற அளவு இரண்டு இனத்தொகைகள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதைப் பூச்சியம் முதல் ஒன்று வரை தரும். இங்கேதான் காலம் பற்றிய பெருந்தவறு நேர்கிறது. ஒரு நெடுஞ்சாலை 50 ஆண்டுகளுக்கு முன் காட்டை இரண்டாகப் பிரித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். யானையின் ஒரு தலைமுறை ஏறத்தாழ 25 ஆண்டு என்று கொண்டால், கடந்தது இரண்டே தலைமுறை. ஒவ்வொரு பக்கத்திலும் இனப்பெருக்கத்தில் திறம்படப் பங்கேற்பவை 500 என்றால், ஒரு யானைகூடக் கடக்காத நிலையிலும் எஃப்.எஸ்.டி. 0.002 அளவுக்குத்தான் ஏறியிருக்கும்; அதை அளந்து காட்டுவது அரிது. ‘மரபணு வேறுபாடு இல்லை, ஆகவே சாலை தடையாக இல்லை’ என்று எழுதினால் அது தவறான வாதம். அதை வைத்துக்கொண்டு இன்னொரு சாலை போடுவார்கள். அண்மைக் காலத்தைப் பற்றிக் கேட்க வேண்டுமானால், உறவினர் இணைகள் சாலையின் இரு பக்கமும் கிடைக்கிறார்களா என்று தேடுங்கள். தாய் ஒரு பக்கமும் மகன் மறுபக்கமும் கிடைத்தால், யாரோ கடந்திருக்கிறார்கள்.

எதிர்த்திசையிலும் இதே தவறு நேர்கிறது. ஒரே ஒரு மரபணுத்தொகுதியிலிருந்து பழைய இனத்தொகை அளவை வரையும் பி.எஸ்.எம்.சி. முறை, பல பத்தாயிரம் ஆண்டுகளின் கதையைச் சொல்வதற்கானது. கடந்த சில நூற்றாண்டுகளின் வேட்டையையோ காடழிப்பையோ அதன் வளைவில் தேடக்கூடாது.

உறவுக்குள் இனச்சேர்க்கையைப் பற்றி

இனப்பெருக்கத்தில் திறம்படப் பங்கேற்கும் எண்ணிக்கை 50 என்றால், தலைமுறைக்கு ஒரு விழுக்காடு பன்மை இழப்பாகும். 10 என்றால் ஐந்து விழுக்காடு. இந்த எண்ணிக்கை தலை எண்ணிக்கையைவிட வழக்கமாக மிகக் குறைவு, ஏனெனில் எல்லா ஆண்களும் தந்தையாவதில்லை. முழு மரபணுத்தொகுதி இருந்தால், தாய்வழிப் படியும் தந்தைவழிப் படியும் நீண்ட தூரம் ஒரே மாதிரி இருக்கும் பகுதிகளை அளக்கலாம். நீளமான துண்டுகள் அண்மையில் நடந்த உறவுச் சேர்க்கையையும், குட்டையான துண்டுகள் பழங்காலச் சிறுமையையும் காட்டும்.

ஒடிசாவின் சிமிலிபாலில் உள்ள கரும்புலிகள் இதற்குக் கண்ணால் காணக்கூடிய சான்று. அவற்றின் அகன்று இணைந்த வரிகளுக்கு, ஒரு குறிப்பிட்ட மரபணுவில் நேர்ந்த ஓரெழுத்து மாற்றமே காரணம் என்று உமா ராமகிருஷ்ணனின் குழு 2021-இல் காட்டியது. தனித்துவிடப்பட்ட சிறு இனத்தொகையில் அந்த அரிய வடிவம் பெருகியிருந்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வளைந்த வாலும் விந்துக் குறைபாடும் கண்ட, பூனைக் குடும்பத்தைச் சேர்ந்த பூமாக்களிடையே, 1995-இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அதன்பின் எண்ணிக்கையும் உடல்நலமும் மேம்பட்டன. இதைப் படித்தவுடன் எல்லாச் சிறு இனத்தொகைக்கும் வெளியிலிருந்து விலங்கைக் கொண்டுவர வேண்டும் என்று எழுதத் தோன்றும். மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் ஏறத்தாழ பத்தே எஞ்சியுள்ள வாக்கீட்டா என்ற கடற்பன்றியின் தொகுதிகளை ஆராய்ந்து 2022-இல் வெளியான முடிவு வேறு. அவை நெடுங்காலமாகவே சிறிய எண்ணிக்கையில் வாழ்ந்ததால், கேடு தரும் வடிவங்கள் பலவும் ஏற்கெனவே களையப்பட்டிருந்தன. செவுள்வலையில் சிக்கிச் சாவதை நிறுத்தினால் அவை மீள வாய்ப்புண்டு. குறைந்த பன்மை என்ற ஓர் எண்ணை வைத்து ஓர் இனத்தைக் கைகழுவ யாருக்கும் உரிமையில்லை; அந்தக் குறைவு எப்போது, எப்படி வந்தது என்பதை ஆராய்ந்து சொல்வதுதான் நம் வேலை.

அறிக்கையும் தரவும்

மூலத் தரவைப் பொதுக் களஞ்சியத்தில் வையுங்கள். அதோடு எடுத்த தேதியும் இடமும் கட்டாயம் இருக்க வேண்டும். இடமும் காலமும் இல்லாத தொகுதி பத்தாண்டு கழித்து ஒப்பிட வருவோருக்குப் பயன்படாது. வேட்டைக்குள்ளாகும் இனமானால் துல்லியமான இடத்தைப் பொதுவில் வைக்காமல், சரக அளவில் மட்டும் குறித்து, துல்லியப் பட்டியலை வனத்துறையிடம் கொடுங்கள். எஞ்சிய லத்தியையும் டி.என்.ஏ.வையும் எறியாமல், எண்களோடு உறைபெட்டியில் வையுங்கள்.

அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு ஆங்கிலக் கட்டுரையை அனுப்புவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. எந்தெந்த ஓடையோரம் எத்தனை யானைகள், அவற்றில் எத்தனை பெண்கள், எந்தக் கொம்பன் எந்த இரண்டு இடங்களில் பதிவாகியிருக்கிறது என்பதை இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதி, வரைபடத்தோடு சரக அலுவலகத்துக்கு எடுத்துப் போங்கள். உங்களோடு நடந்த காவலர்களை உட்காரவைத்து அதைப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் ஒரே யானை என்று சொன்னவற்றை உங்கள் தரவு இரண்டென்று காட்டினால், யார் சரி என்று அங்கேயே பேசுங்கள். அடுத்த முறை எந்தக் குழாய்களைத் திரும்பச் சோதிக்க வேண்டும் என்பது அந்தப் பேச்சில் தெரிந்துவிடும்.